எவர்ட்டன் கழகத்தார் புதுமனை புகுந்தது

ஒரு குடும்பத்தார் பல்லாண்டு வாழ்ந்த வீட்டை விட்டு வேறு வீடு புகுவதென்றால் அஃது எளிய காரியமன்று. பெட்டி, கட்டில், பாத்திரம் முதலியவற்றை வண்டியில் ஏற்றிவிடலாம். திண்ணையில் அமர்ந்து பேசிய மாலைப்பொழுதுகளையும், பால்கணக்குக்காகச் சுவரில் இட்ட கரிக்கோடுகளையும் எவ்வண்டியில் ஏற்றுவது? ஒரு குடும்பத்துக்கே இவ்வாறெனில், பல்லாயிரம் குடும்பத்தார் ஒரே காலத்தில் ஒருங்கே வீடு மாறுங்கால் நிகழ்வது யாது?

இங்கிலாந்து தேசத்து லிவர்பூல் நகரிலுள்ள எவர்ட்டன் காற்பந்துக் கழகத்தின் அபிமானிகளுக்கு 2025-ஆம் ஆண்டில் இந்நிலை நேர்ந்தது. 1892-ஆம் ஆண்டு முதல் தம் கழகத்தார் ஆடிவந்த குடிஸன் பார்க் என்னும் பழைய அரங்கத்தை அவ்வாண்டு மே மாதத்தில் விட்டு நீங்கி, ஆகஸ்டு மாதத்தில், ஏறக்குறைய இரண்டு மைல் தொலைவில் மெர்ஸி நதியோரமாக எழும்பிய ஹில் டிக்கின்ஸன் ஸ்டேடியம் என்னும் புதிய அரங்கத்தில் அவர்கள் புகுந்தனர். புதுவீடு பெரிது; வசதி மிக்கது; கண்ணுக்கும் இனியது. எனினும், ஆட்டநாள் என்பது ஓர் அபிமானிக்கு யாது, அதில் எவ்வளவு கழகத்தோடு கூடவே பெயர்ந்து செல்லும், எவ்வளவு பெயர்க்க ஒண்ணாதது என்னும் வினாக்களை இவ்விடமாற்றம் எழுப்பிற்று. அவற்றுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் பந்தாட்டத்தில் பெரும் புலமை படைத்தவரல்லேம். நம் கல்லூரி முன்னணி வீரர்கள் இதனைப் படித்துப் புன்னகை புரிவார்களாயின் அதனைப் பொறுத்துக்கொள்வோம்.

இக்கழகத்தின் பிறப்பு வரலாறு நம்போன்ற மிஷன் கல்லூரியார்க்குச் சற்று உறவுடையதாகத் தோன்றும். லிவர்பூலில் எவர்ட்டன் என்னும் பகுதியில் ஸெயிண்ட் டொமிங்கோ என்ற மெதடிஸ்து ஆலயம் ஒன்று 1871-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அங்கே போதகராயிருந்த ஸ்விஃப்ட் சேம்பர்ஸ் ஐயர் சபையின் இளைஞரைக் கிரிக்கெட் ஆட ஊக்கினார். கிரிக்கெட்டு கோடைக்குரிய ஆட்டம். குளிர்காலத்தில் அவ்விளைஞர் சோம்பியிராதிருக்க வேண்டுமே! ஆகவே 1878-இல் பந்துதைக்கத் தொடங்கினர். மறு ஆண்டில் சபையைச் சேராதாரும் வந்து கூடவே, ஆலயத்தின் பெயரை நீக்கிப் பகுதியின் பெயரையே கழகத்துக்கு இட்டனர். இவ்வாறு ஒரு ஞாயிற்றுப் பள்ளிக்கூடத்தின் நிழலில் முளைத்த செடியே பின்னர் ஒன்பது முறை ஆங்கில லீக் வெற்றியைச் சூடிய மரமாயிற்று.

குடிஸன் பார்க்குக்கு அவர்கள் வந்ததும் ஒரு வீடு மாற்றத்தினாலேயே. அதற்கு முன்னர் ஆன்பீல்டு என்ற இடத்தில் வாடகைக்கு ஆடிவந்தனர். அவ்விடத்தைத் தம் ஆளுகையில் வைத்திருந்த ஜான் ஹவுல்டிங் என்பார் மதுபானம் காய்ச்சி விற்கும் வியாபாரி. வாடகையைப்பற்றியும் வேறு பலவற்றைப்பற்றியும் அவருக்கும் கழகத்தாருக்கும் வழக்கு முற்றியது. கழகத்தாருள் ஒரு சாராருக்குத் தலைவராய் நின்ற ஜார்ஜ் மேஹன் என்பார் வெஸ்லியன் ஆலயமொன்றில் ஆர்கன் வாசிப்பவர். ஆர்கன் வாசிப்பவரும் மதுவியாபாரியும் எத்தனை நாள் ஒரு கூரையின்கீழ் இருத்தல் கூடும்? 1892-இல் மேஹனும் அவர் தோழரும் வெளியேறி, ஸ்டான்லி பூங்காவின் மறுபுறத்தில் மீர் கிரீன் என்ற மேட்டுநிலத்தைத் திருத்தி, குடிஸன் பார்க்கை அமைத்தனர். பாக்ஸ்டர் என்னும் வைத்தியர் ஆயிரம் பவுன் வட்டியின்றிக் கடனீந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 24-ஆம் தேதி அரங்கம் திறக்கப்பட்டது. ஆன்பீல்டில் தனித்து நின்ற ஹவுல்டிங் ஆடுவார் இன்மையின் தாமே ஒரு கழகம் கண்டார். அதுவே உலகறிந்த லிவர்பூல் காற்பந்துக் கழகம். ஒரு பூங்காவின் இரு கரையிலும் எதிரெதிராய் வாழ்ந்த இவ்விரு கழகத்தாரின் பங்காளிக் காய்ச்சல் அன்று தொடங்கி இன்றளவும் ஆறவில்லை.

இனி, குடிஸன் பார்க்கில் ஆட்டநாள் எவ்வாறு கழிந்தது என்பதைச் சற்று விரிவாகக் கூறுவோம். இதனை அறிந்தாலன்றிப் புதுமனையின் இன்பதுன்பங்கள் விளங்கா.

ஆங்கில நாட்டில் ஆட்டத்துக்குரிய நாள் தொன்றுதொட்டுச் சனிக்கிழமை. நேரம் பிற்பகல் மூன்று மணி. ஆலைத் தொழிலாளர்க்குச் சனிக்கிழமை பிற்பகலில் ஓய்வு கிடைத்த பின்னரே இவ்வழக்கம் வேரூன்றிற்று. (டெலிவிஷன் கம்பெனியார் வந்தபின் ஞாயிறு, திங்கள், நள்ளிரவுக்குச் சற்று முன் என ஆட்டநேரம் பலவாறு சிதறியதைப்பற்றி அந்நாட்டு அபிமானிகள் முறையிடாத நாளில்லை.) குடிஸன் பார்க் வால்ட்டன் என்னும் பகுதியில், வரிசை வரிசையாய்ச் செங்கல் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் குறுந்தெருக்களின் நடுவே இருப்பது. ஒரு வீட்டின் வாயிலில் நின்று கல்லெறிந்தால் அரங்கின் சுவரிற் படும் என்னும்படி அத்துணை நெருக்கம். ஆட்டநாளில் கவுண்டி ரோட்டு வழியாகவும், கிர்க்டேல் ரயில் நிலையத்திலிருந்தும், பூங்காவைக் குறுக்கே கடந்தும் நீல அங்கவஸ்திரம் தரித்த ஜனங்கள் சாரைசாரையாக வருவர். பேரன் கையைப் பற்றிக்கொண்டு பாட்டனார் வருவார். அப்பாட்டனாரை அவ்வாறே கைப்பிடித்து நடத்திவந்தவர் அவருடைய தந்தையார். எந்தத் திருப்பத்தில் நண்பர் காத்திருப்பார், எந்த மதுச்சாலையில் எவர் கூடுவர், எந்தக் கடையில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் நன்றாயிருக்கும் என்பனவெல்லாம் எழுதாச் சட்டமாய் நிலவின.

அரங்கின் ஒரு மூலையில், குடிஸன் ரோடும் குவாடிஸ் ஸ்டிரீட்டும் கூடுமிடத்தில், பரிசுத்த லூக்கா ஆலயம் நிற்கின்றது. அருகில் என்று கூறுவது போதாது; இரண்டு பார்வையாளர் மாடங்களுக்கிடையே தலைநீட்டிக்கொண்டு நிற்கின்றது என்றே கூறவேண்டும். ஆட்டநாளில் ஆலய மண்டபத்தில் தேநீரும் பலகாரமும் கிடைக்கும். கழகத்தின் பழம்பொருட்களையும் படங்களையும் அங்கே கண்டு களிக்கலாம். ஆலயத்தில் முளைத்த கழகம் நூறாண்டுக்கு மேலாய் ஆலயத்தின் சுவரை உரசிக்கொண்டே வாழ்ந்தது பொருத்தமன்றோ!

உள்ளே புகுந்தால் மரப்பலகையாலான தளங்கள். மரத்தாலான பழைய இருக்கைகள். இலக்கை நோக்கிப் பந்து செல்லுங்கால் ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே எழ, பலகைகள் இடிபோல் முழங்கும். ஆட்டந் தொடங்குமுன், பழங்காலத்து உடைதரித்த ஒரு சிறுமி களத்தைச் சுற்றிவந்து, ஜனங்களிடையே மிட்டாய்களை வீசுவாள். இக்கழகத்தாரை 'டாஃபிகள்' என்று மிட்டாயின் பெயரால் அழைப்பது வழக்கம். அப்பகுதியில் மிட்டாய் செய்து விற்ற பழைய கடைகளின் நினைவே அது. வீரர் களமிறங்கும்போது ஒலிக்கும் இசையோ, 1962-இல் டெலிவிஷனில் தொடங்கிய 'இஸட் கார்ஸ்' என்னும் போலீஸ் கதையின் முகப்பிசை. அதன் மூலம் லிவர்பூலின் பழைய நாட்டுப்பாடல். அவ்விசை கேட்டவுடன் ஐம்பது வயதினரும் கண்கலங்குவர் என்றால் நம்மனோர்க்கு வியப்பாயிருக்கலாம். நம் ஊர்த் திருவிழாவில் நாயனம் கேட்ட மாத்திரத்தில் நம் உள்ளத்தில் நிகழ்வதை எண்ணிப்பார்ப்பின் வியப்பு நீங்கும்.

இவ்வரங்கை அபிமானிகள் 'மூதாட்டி' என்று அன்போடு அழைத்தனர். அம்மூதாட்டி கண்ட காட்சிகள் பல. டிக்ஸி டீன் என்னும் வீரர் 1927-28 பருவத்தில் ஒரே லீக் தொடரில் 60 கோல்கள் அடித்ததனை அவள் கண்டாள். இச்செயலை ஆங்கில முதற்பிரிவில் ஒருவரும் இதுகாறும் விஞ்சிற்றிலர். அதே டீன் 1980-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் தேதி லிவர்பூலோடு நிகழ்ந்த ஆட்டத்தைக் காண வந்த இடத்தில், அவ்வரங்கிலேயே உயிர்நீத்ததனையும் அவளே கண்டாள். 1966-இல் உலகக் கோப்பை ஆட்டங்கள் ஐந்து அங்கு நடந்தன. வடகொரியரிடம் மூன்று கோல் பின்தங்கிய போர்த்துகேசியர் மீண்டெழுந்து ஐந்துக்கு மூன்றாக வென்ற அற்புத ஆட்டம் அவற்றுள் ஒன்று.

இவையெல்லாம் உண்மையே. ஆயினும் மூதாட்டிக்கு மூப்பு வந்ததும் உண்மை. 1948-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் தேதி லிவர்பூலோடு நடந்த ஆட்டத்துக்கு 78,299 பேர் வந்திருந்தனர். அவருட் பெரும்பாலோர் நின்றுகொண்டே பார்த்தவர். 1989-இல் ஷெபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ அரங்கில் நெரிசலிற் சிக்கி லிவர்பூல் அபிமானிகள் 97 பேர் மாண்ட கொடுமைக்குப் பின், நீதிபதி டெய்லர் என்பார் செய்த விசாரணையின் பயனாக, மேற்பிரிவுக் கழகங்களின் அரங்குகளில் எல்லோரும் அமர்ந்தே பார்க்க வேண்டுமென்ற விதி ஏற்பட்டது. அதன்பின் குடிஸன் பார்க்கில் இடம் நாற்பதினாயிரத்துக்கும் குறைந்துவிட்டது. நாற்புறமும் தெருக்கள் இறுக்கி நிற்றலின் விரிக்கவும் வழியில்லை. கூரையைத் தாங்கும் தூண்கள் ஆயிரக்கணக்கான இருக்கைகளின் பார்வையை மறைத்தன. தூணுக்கு இப்புறம் மறைந்த பந்து அப்புறம் வெளிப்படும்வரை அண்டை வீட்டாரின் முகத்தைப் பார்த்தே கோல் விழுந்ததா என்று அறிய வேண்டியிருந்தது. நாற்காலி வண்டியில் வருவோர்க்கு நல்லிடங்கள் மிகக் குறைவு. பழமையைப் போற்றுவோர் இவ்வசதிக்குறைவுகளைச் சிரித்துக்கொண்டே பேசுவர். அவற்றால் வீட்டிலேயே தங்க நேர்ந்த முதியோரும் உடற்குறையுடையோரும் சிரித்திருப்பார்களென்று நாம் கருதவில்லை.

வேறிடம் தேடும் முயற்சி நெடுங்காலம் நடந்தது. கிங்ஸ் டாக் என்ற கப்பல்துறையில் அரங்கு அமைக்கும் திட்டம் பொருளின்மையால் 2003-இல் வீழ்ந்தது. நகருக்கு வெளியே கிர்க்பி என்னுமிடத்துக்குப் போகும் திட்டம் அபிமானிகளிடையே சகோதரச் சண்டையை மூட்டியபின், 2009-இல் அரசாங்கத்தாரால் மறுக்கப்பட்டது. ஈற்றில் அவர்கள் கண் பிராம்லி-மூர் என்ற கப்பல்துறையின்மேல் விழுந்தது. இத்துறை ஜெஸ்ஸி ஹார்ட்லி என்னும் பேர்பெற்ற பொறியாளர் வகுத்தது. 1848-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வேறு நான்கு துறைகளோடு ஒருங்கே திறக்கப்பட்டது. லங்காஷயர் சுரங்கங்களின் நிலக்கரி இங்கிருந்து கப்பலேறிற்று. நிலக்கரியின் காலம் முடியவே துறையும் வேலையற்று நின்றது.

நீர் நிறைந்த துறையில் அரங்கு எழுப்புவது எங்ஙனம் என்று வாசகர் வினவலாம். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வேலை தொடங்கிற்று. முதலாவது, துறையிலிருந்த மீன்களைப் பிடித்துப் பக்கத்துத் துறைநீரில் விட்டனர். (இப்பணிக்கு நியமிக்கப்பட்டோர் தம் வீட்டாரிடம், 'காற்பந்து அரங்கம் கட்டுகிறோம்' என்று சொல்லிவிட்டு மீன் நாற்றத்தோடு திரும்பியிருப்பர் போலும்.) பின்னர், ஐரிஷ் கடலின் அடியிலிருந்து ஏறக்குறைய 5 லட்சம் கன மீட்டர் மணலை வாரிக் கப்பலில் கொணர்ந்து, நீரோடு கலந்து குழாய்வழியே பாய்ச்சி, துறையைத் தூர்த்தனர். ஹார்ட்லியின் கருங்கற் சுவர்களை இடிக்காமல் மணலுக்குள்ளேயே காத்துவைத்தனர். பிற்காலத்தார் விரும்பினால் மணலை அகற்றித் துறையை மீட்கலாம் என்பது கருத்து. மேற்கே ஒரு நீரோடையை அப்படியே விட்டனர். 1883-இல் கட்டிய நீர்விசை இயந்திரசாலையையும், பழைய தண்டவாளங்களையும், கப்பல் கட்டும் இரும்புக் கட்டைகளையும் பேணினர். இத்துணைப் பரிகாரம் செய்தும், லிவர்பூலின் பழந்துறைகளுக்கு யுனெஸ்கோ சபையார் அளித்திருந்த உலகப் பாரம்பரியச் சிறப்பை அச்சபையார் 2021-ஆம் ஆண்டு ஜூலையில் நீக்கிவிட்டனர். நதியோரத்துப் புதுக்கட்டடங்கள் பலவற்றோடு இவ்வரங்கத் திட்டமும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. 2023-ஆம் ஆண்டில் வேலையிடத்தில் ஓர் இளந்தொழிலாளி உயிரிழந்தார். புதுவீட்டின் விலையைக் கணக்கிடுவோர் பவுன்களை மாத்திரம் எண்ணுதல் போதாது.

குடிஸன் பார்க்கில் ஆடவர் அணியின் கடைசி ஆட்டம் 2025-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதி ஸௌதாம்ப்டன் கழகத்தோடு நிகழ்ந்தது. எவர்ட்டன் 2-0 என வென்றது. இரண்டு கோலும் இலிமான் என்டியாயே என்னும் செனெகல் தேசத்து வீரர் அடித்தவை. டிக்கட் இல்லாத பல்லாயிரம் பேரும் தெருக்களில் வந்து நின்றனர். அவர்கள் ஆட்டத்தைக் காண வந்தவரல்லர். வீட்டை விட்டு விடைபெற வந்தவர். புதுமனையில் முதல் லீக் ஆட்டம் ஆகஸ்டு 24-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிரைட்டன் கழகத்தோடு நடைபெற்றது. அது குடிஸன் பார்க் திறந்த அதே தேதி. சரியாக 133 ஆண்டு கழிந்திருந்தது. எவர்ட்டன் அங்கும் 2-0 என வென்றது. முதற் கோலையும் அதே என்டியாயே அடித்தார். பழைய வீட்டின் விளக்கை அணைத்தவரே புது வீட்டில் விளக்கேற்றியது போன்றிருந்தது இது.

இப்போது, புதுமனைக்கு ஆட்டநாளில் செல்லும் ஓர் அபிமானியோடு நாமும் மனத்தளவில் நடந்து பார்ப்போம்.

முதல் மாறுதல் வழியிலேயே தோன்றும். ரயிலில் வருவோர் சாண்டுஹில்ஸ் நிலையத்தில் இறங்கிக் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் நடக்க வேண்டும். நகரின் நடுவிலிருந்து நடப்போர்க்கு அரைமணிக்கு மேலாகும். வழி நெடுகிலும் வீடுகளில்லை. பண்டசாலைகளும், பட்டறைகளும், ரீஜண்ட் ரோட்டை ஒட்டிக் கோட்டை மதில்போல் நீளும் துறைமுகத்துக் கருங்கற் சுவருமே உள்ளன. பழைய வழியில் வீட்டு வாயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போவோர் வருவோரிடம் வார்த்தையாடிய கிழவியார் இவ்வழியில் இல்லை. ஆயினும் நதிக்காற்று உண்டு. கடற்பறவைகளின் கூவல் உண்டு. தூரத்தே வளைந்த இரும்புக் கூரை மாலை வெயிலில் மின்னும் காட்சி உண்டு. அரங்கின் எதிரே துறையின் பெயரையே தாங்கிய ஒரு பழைய மதுச்சாலை, கப்பற்கூலிகள் போனபின் வாடியிருந்தது, இப்போது நீல உடையினரால் நிரம்பி வழிகின்றது.

வாயிலின் முன் பெருமுற்றம் ஒன்று விரிந்துள்ளது. அதில் பதித்த கற்களில் அபிமானிகள் பொருள்கொடுத்துப் பொறிப்பித்த பெயர்கள் நிரைநிரையாக உள்ளன. பல கற்களில் காண்பன இறந்துபோன தந்தையர், தாயர், பாட்டன்மார் பெயர்கள். மக்கள் உள்ளே செல்லுமுன் குனிந்து தம் கல்லைத் தேடுவர். கண்டபின் அதனருகே நின்று படம்பிடித்துக்கொள்வர். புதுவீட்டில் ஒரு நாளும் கால் வைக்காதவர்க்கு அங்கே ஓர் இடம் கிடைத்தது இவ்வாறே.

டிக்கட் காகிதமன்று; கைப்பேசியிற் காட்டுவது. காசு செல்லாது, அட்டை கொண்டே தேநீரும் இறைச்சிப் பையும் வாங்க வேண்டும். இளைஞர்க்கு இஃது எளிது. பழைய டிக்கட்டின் கிழித்த துண்டைப் பெட்டியிற் சேர்த்து வைத்த முதியவர்க்கு இனிச் சேர்த்துவைக்க யாதுமில்லை. ஆனால் அகன்ற நடைகள், போதிய கழிப்பிடங்கள், நாற்காலி வண்டியில் வருவோர்க்கு வெவ்வேறு மட்டங்களில் நல்லிடங்கள் ஆகியவற்றைக் கண்டபின் அம்முதியவரும் பழைய அரங்கின் இருண்ட சந்துகளுக்குத் திரும்ப விரும்பார்.

படியேறி மேல்வந்தவுடன் களம் முழுதும் கண்ணுக்கு முன் விரியும். தூண் ஒன்றுமில்லை. ஏறக்குறைய 52,800 இருக்கைகள். எங்கிருந்து நோக்கினும் நான்கு மூலையும் தெரியும். மாடங்கள் களத்தை மிக நெருங்கி, செங்குத்தாய் எழுகின்றன. தென்மாடம் அடுக்குகளாகப் பிரியாத ஒரே சரிவு. அதில் 13,000 பேர் ஒரே சுவர்போல் எழுந்து நிற்பர். இருக்கைகளுக்கிடையே இரும்புக் கம்பி பொருத்திப் பாதுகாப்பாக நின்று பார்க்கும் முறையை 2022-ஆம் ஆண்டு முதல் ஆங்கில அரசாங்கத்தார் ஒப்பினமையின், முப்பதாண்டுகளாக உட்காரும்படி அதட்டப்பட்டோர் மீண்டும் சட்டப்படி நிற்கின்றனர். குடிஸன் பார்க்கின் மாடங்களை வகுத்த ஆர்ச்சிபால்டு லீச் என்பாருடைய குறுக்குநெடுக்கான இரும்பு வேலைப்பாட்டை, புதிய சுவரின் செங்கல் அடுக்கிலேயே கோலம்போல் அமைத்திருக்கின்றனர். முதியோர் அதனைக் கைநீட்டிக் காட்டுவதும், சிறுவர் அதனைப் பார்த்தும் பாராததுபோற் போவதும் இயல்பு.

ஒலியைப்பற்றிப் பலரும் அஞ்சினர். அரங்கை மாற்றிய வேறு சில கழகங்களின் கதை அவர்க்குத் தெரியும். லண்டனில் வெஸ்ட் ஹாம் கழகத்தார் 2016-இல் அப்டன் பார்க்கை விட்டு ஒலிம்பிக் அரங்குக்குச் சென்றபோது, ஓட்டப்பந்தயத்துக்காகக் கட்டிய அவ்வரங்கில் களத்துக்கும் ஜனங்களுக்கும் இடையே வெளி அகன்றிருந்தது. பாட்டு எழுந்தால் நடுவழியிலேயே மாய்ந்துபோகும் என்று அவர்கள் நெடுங்காலம் வருந்தினர். எவர்ட்டன் கழகத்தார் பிறர் வீட்டை வாங்காமல், தம் தேவைக்கென்றே கட்டினமையால் இக்குறை நேரவில்லை. கூரையிற் பட்ட முழக்கம் களத்துக்கே திரும்பும்படி அமைத்துள்ளனர். முதலாட்டத்தில் பிரைட்டன் கழகத்தார்க்குக் கிடைத்த தண்ட உதையை இலக்குக் காவலர் ஜார்டன் பிக்போர்டு தடுத்தபோது எழுந்த ஆரவாரம் இதனை மெய்ப்பித்தது. 'இஸட் கார்ஸ்' இசையும் உடன்வந்தது. மரப்பலகை முழக்கம் வரவில்லை; வரவும் கூடாது. காங்கிரீட்டை எத்துணை உதைப்பினும் அது பலகைபோல் பேசாது.

ஆனால் நம் கருத்தில், அபிமானிகள் இழந்தவற்றுட் பெரியது ஒலியன்று, அண்டை வீட்டார். ஸீஸன் டிக்கட் உடையோர் பல்லாண்டு ஒரே இருக்கையில் அமர்வர். அவர்க்கு வலப்புறத்தார் யார், முன்வரிசையார் யார் என்பது தெரியும். பெயர் தெரியாவிடினும் முகம் தெரியும். ஒரு நாள் ஓர் இருக்கை வெறுமையாயிருப்பின், நோயோ சாவோ என்று மற்றவர் கலங்குவர். புது அரங்கில் இடங்கள் புதிதாகப் பங்கிடப்பட்டபோது இவ்வுறவுகள் பல அறுந்தன. சிலர் கூட்டாகச் சேர்ந்து ஒரே பகுதியைத் தேர்ந்துகொண்டனர். சிலர் விலையை முன்னிட்டு வேறு மாடத்துக்குச் சென்றனர். இருபதாண்டு பக்கத்தில் உட்கார்ந்து கோல் விழும்போதெல்லாம் கட்டித் தழுவிக்கொண்ட இருவர், ஒருவர் முகவரியை மற்றவர் அறியாமையால் இனிச் சந்திக்கவே வழியில்லாமற் போவதும் உண்டு.

ஆட்டம் முடிந்து திரும்புங்காலமே புதுமனையின் கடினமான காலம். ஒருபுறம் நதி, ஆகவே கூட்டம் மூன்று புறத்திலேயே பிரிய வேண்டும். சாண்டுஹில்ஸ் நிலையமோ சிறியது. அதன் வெளியே தடுப்புகள் கட்டி, வரிசையாக நிறுத்தி, சிறிது சிறிதாகவே ரயில்மேடைக்கு விடுகின்றனர். மார்கழி தை மாதங்களில் மெர்ஸிக் காற்று எலும்பைத் துளைக்குங்கால், தோற்ற ஆட்டத்துக்குப்பின் அவ்வரிசையில் நிற்பவர் மனநிலையை வருணிக்க நம் எழுதுகோலுக்கு வலிமையில்லை. பலர் வரிசையைத் துறந்து நகரத்தை நோக்கி நடக்கத் தொடங்குகின்றனர். நடப்போர் மிகுதியாகவே வழியோரத்துப் பண்டசாலைகளில் தேநீர்க்கடைகளும் உணவுக்கடைகளும் ஒன்றிரண்டாய்த் தோன்றலாயின. குறிப்பிட்ட மூலையில் காத்திருத்தல், குறிப்பிட்ட கடையில் நுழைதல் என்னும் பழக்கங்களும் தளிர்விடுகின்றன. வால்ட்டன் தெருக்களிலும் இப்பழக்கங்கள் ஒரே நாளில் முளைத்தவையல்ல.

வால்ட்டன் பகுதியை நினைக்குங்கால் கணக்கு வேறாகின்றது. ஆண்டில் இருபது நாளுக்கு மேல் நாற்பதினாயிரம் பேர் வந்து உண்டு குடித்துச் சென்ற இடம் அது. மீன் பொரிப்போர், மதுச்சாலையார், நீலத்துணி விற்போர், வீட்டு முற்றத்தில் வண்டி நிறுத்த இடம்விட்டுக் காசுபெற்ற எளியோர் எனப் பலரும் அக்கூட்டத்தை நம்பி வாழ்ந்தனர். துறையோரத்துக்குச் செல்வம் பெயர்ந்த அதே நாளில் அவர் வாயிலிலிருந்து அது பெயர்ந்தது. நகரத்தார் புதுமனையைக் கொண்டாடும்போது பேசப்பட வேண்டியவருள் இவரே முதல்வர் என்பது நம் துணிபு.

இன்னும் ஒன்று உண்டு. குடிஸன் பார்க்கின் களத்தோரத்து மண்ணில், இறந்த அபிமானிகள் 800 பேருக்கு மேற்பட்டோரின் சாம்பல், அவர்தம் விருப்பப்படி, புதைக்கப்பட்டிருக்கின்றது. இடமின்மையால் 2004-ஆம் ஆண்டுக்குப்பின் கழகத்தார் அவ்வேண்டுகோளை ஏற்பதை நிறுத்தினர். மாடத்தையும் இசையையும் செங்கற்கோலத்தையும் பெயர்த்தவர் இம்மண்ணை எங்ஙனம் பெயர்ப்பர்? முதலிற் செய்த திட்டத்தின்படி பழைய அரங்கை இடித்து, வீடுகளும் பிறவும் கட்டுவதாயிருந்தது. அத்திட்டம் நினைவுக்கு வரும்போதெல்லாம் அக்குடும்பத்தார் துயருற்றனர். 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில், கழகத்தின் புதிய உடைமையாளர் அத்திட்டத்தைக் கைவிட்டு, எவர்ட்டன் பெண்கள் அணிக்கே குடிஸன் பார்க்கை உரிமையாக்கினர். அதுவரை அவ்வணியினர் பக்கத்திலுள்ள வால்ட்டன் ஹால் பூங்காவில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் காணும் சிறு களத்தில் ஆடிவந்தவர்.

எனவே பந்தயப் பருவத்தில் பெண்கள் அணி ஆடும் நாட்களில், லூக்கா ஆலயத்தின் பக்கத்திலே மூதாட்டியின் கதவுகள் மீண்டும் திறக்கின்றன. பழைய கூட்டத்தில் ஒரு சிறு பங்கே வருகின்றது. தூணில்லாத இடத்தைத் தேர்ந்து உட்கார யாருக்கும் தடையில்லை. முந்திய சனிக்கிழமை துறையோரத்தில் ஆடவர் ஆட்டத்தைக் கண்ட சிலர், மறுநாள் தம் பெண்குழந்தைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு கவுண்டி ரோட்டில் நடந்து வருகின்றனர்.